சிவப்பு பல்பின் கீழ் மூன்று நாள்

தேவநேசன் அத்தானை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பெரிய நியாயஸ்தி என்று நினைத்து ஏமாற வேண்டாம். என் அக்கா மேவிஸை அவர் பெண் பார்க்க வந்தது 1961இல். எனக்கு அப்போது பதினாறு வயது. மனிதர் மேல் ஒரு புளித்த வாடை. அது போட்டோ கழுவுகிற மருந்தின் வாடை என்று அப்பா சமாதானம் சொன்னார். பெண் பார்க்க வருகிற அன்றைக்காவது தேய்த்துக் குளித்துவிட்டு வரக் கூடாதா என்று நான் அவர் காதில் விழுகிற மாதிரியே கேட்டேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள். அவளுக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போயிருந்தது.

அவருடைய அப்பா பாளையங்கோட்டையிலிருந்து கிர்கீ வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்து, அப்படியே பூனாக்காரராகிவிட்டவர். மகன் தொழிற்சாலைக்குப் போகவில்லை. கேம்ப் என்கிற பட்டாளத்துப் பகுதியில், ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில், ஒரு பார்சிக்காரரின் ஸ்டூடியோவில் டார்க் ரூம் வேலைக்குச் சேர்ந்தார். படம் எடுப்பது முதலாளி. கழுவி அச்சடிப்பது இவர். காலை ஒன்பது மணிக்கு அந்த இருட்டுக்குள் போனால் ஏழு மணிக்குத்தான் வெளியே வருவார். கல்யாண மாதங்களில் ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு அங்கே ஓடுவார். வெயில் படாத முகம், இட்லி மாவு மாதிரி வெளுத்திருக்கும். நகங்கள் மட்டும் பழுப்பு.

அவரோடு எம்.ஜி. ரோட்டில் நடந்தால் வேடிக்கையாக இருக்கும். எதிரே வருகிறவர்களில் பாதிப் பேரை அவருக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்கும் இவரைத் தெரியாது. "அந்தா போறாருல்லா மேஜர், அவரு மூக்குல இருக்க மருவ நான்தான் எடுத்துவிட்டேன்" என்பார். மரு மூக்கிலேயே இருக்கும். போட்டோவில் எடுத்துவிட்டிருக்கிறார். இந்தப் பெருமையைத் தவிர அவரிடம் வேறு பேச்சு வராது.

எங்கள் அக்காவோ பேசாமல் இருந்தால் மூச்சு முட்டிப்போகிற ஜாதி. சப்ஜிக்காரியிடம் கால் கிலோ வெண்டைக்காய் வாங்க அரை மணி நேரம் பேசுவாள். அவளுக்கு இந்த ஊமைக் கோட்டான் வாய்த்தது. பிள்ளையும் இல்லை. ஒற்றை அறை, சின்ன சமையல் இடம், சந்து பார்த்த ஒரு ஜன்னல். ராத்திரி வருவார், தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார், கண் எரிகிறது என்று ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். இருபத்து மூன்று வருஷம் இதேதான். "ஒரு நாள் லீவு போட்டு அவளை எங்கயாவது கூட்டிட்டுப் போங்க அத்தான்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "அடுத்த மாசம் பாப்போம்ளா" என்பார். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை.

1981இல் அக்காவுக்கு இடது மார்பில் கட்டி என்று எடுத்தார்கள். பிறகு கரண்ட் வைத்தார்கள், கதிர் சிகிச்சையை அப்படித்தான் சொல்வோம். இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தாள். 1983 கிறிஸ்துமஸுக்கு அதிரசம் சுட உட்கார்ந்தவள், தழும்பின் மேல் சின்னச் சின்னதாக ஏதோ தட்டுப்படுகிறது என்றாள். பயறு அளவில் ஏழெட்டு. பொங்கலுக்குள் அவை பத்துப் பன்னிரண்டு ஆயின. அறுத்த இடத்தில் இனி அறுக்க முடியாது, கரண்ட் வைத்த இடத்தில் இனி வைக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

அப்போதுதான் டாக்டர் பெண்ட்சே எங்களுக்குக் கிடைத்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த இளவயது மராட்டிக்காரர். கேம்புக்கு வெளியே ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் இருந்தார். பெயர் வேண்டாம், இப்போதும் நாலு பேர் அங்கே பிழைத்து வருகிறார்கள். அவரிடம் ஒரு சாயம் இருந்தது. மிருக ரத்தத்திலிருந்து எடுத்தது, கெட்டியான தேன் நிறம். அதை நரம்பில் ஏற்றினால் உடம்பு முழுவதும் பரவுமாம். இரண்டு மூன்று நாளில் நல்ல சதையிலிருந்து பெரும்பாலும் இறங்கிவிடும், கட்டியில் மட்டும் தங்கும். அதன் பிறகு கட்டியின் மேல் விளக்கைக் காட்டினால், வெளிச்சம் பட்ட சாயம் விழித்துக்கொண்டு கட்டியைக் கொன்றுவிடும். கத்தி வேண்டாம். இருபது நிமிஷ வேலை.

"எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்படித் தோலோடு இருக்கும் சின்னக் கட்டிகள்தான் இதற்கு ஏற்றவை" என்றார் இங்கிலீஷில். அத்தானுக்கு நான் தமிழில் சொன்னேன். அவருக்கு இங்கிலீஷ் ஓரளவு புரியும். இருந்தாலும் என் வாயிலிருந்து கேட்டால்தான் அவருக்கு நம்பிக்கை. வெளிநாட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த சாயம் ஆறு பேருக்குத்தான் போதும். ஐந்து பேருக்கு ஆள் குறித்தாகிவிட்டது. ஆறாவது ஆள் மேவிஸ்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. ஊசி போட்டதிலிருந்து வெளிச்சத்தில் உடம்பைக் காட்டக் கூடாது. தோலிலும் சாயம் இருக்குமே. விளக்கு வைக்கும் வரை மூன்று நாள் ரொம்பக் கவனம், அதன் பிறகும் ஒரு மாதம் வெயிலே ஆகாது. ஆஸ்பத்திரி வார்டிலோ ஆள் உயர ஜன்னல்கள், திரை ஒன்றும் கிடையாது. போர்வையைக் கட்டித் தொங்கவிடலாமா என்று டாக்டர் யோசித்துக்கொண்டிருந்தார். அத்தான் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

"சார், நான் டார்க் ரூம் மனுஷன். இருபத்தாறு வருஷம். எங்க வீட்டை ஒரு பொட்டு வெளிச்சம் வராம ஆக்கிக் காட்டுதேன்" என்றார். என்னைப் பார்த்து, "சொல்லுளா" என்றார். நான் சொன்னேன்.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்களைவிட இதற்கு யார் பொருத்தம்? மங்கல் வெளிச்சம் இருந்தால் பரவாயில்லை. வெயிலும் பெரிய விளக்கும்தான் கூடாது" என்றார். வெளியே வரும்போது அக்காவின் தோளைத் தட்டி, "காள்ஜி கரூ நகா" என்றார். கவலைப்படாதீர்கள் என்று மராட்டியில் சொன்னது. அக்கா சிரித்தாள்.

மே மாதம் இரண்டாவது வாரம், திங்கட்கிழமை பொழுது இறங்கிய பிறகு ஊசி போட்டார்கள். வியாழன் காலை விளக்கு வைப்பதாக ஏற்பாடு. அத்தான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல்முறையாக லீவு போட்டார். ஞாயிறு முழுவதும் ஏணியில் நின்று ஜன்னலுக்கு ஸ்டூடியோக் கறுப்புத் துணியை இரட்டையாக அடித்தார். ஓட்டு இடுக்கிலெல்லாம் போட்டோத் தாள் சுற்றி வரும் கறுப்புக் காகிதத்தைப் பசை போட்டு ஒட்டினார். வாசலுக்கு இரண்டு திரை. வெளித்திரையை மூடிவிட்டுத்தான் உள்திரையைத் திறக்க வேண்டும் என்று எனக்கு மூன்று தடவை செய்து காட்டினார், நான் என்னமோ மண்டு மாதிரி.

அப்புறம், ஸ்டூடியோவிலிருந்து சிவப்புக் கண்ணாடி போட்ட விளக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். டார்க் ரூமில் அது எரிந்துகொண்டிருக்கும்போதுதான் போட்டோத் தாளைக் கையில் எடுப்பார்கள். மற்ற எந்த வெளிச்சம் பட்டாலும் தாள் கறுத்துப்போகும், சிவப்பு மட்டும் ஒன்றும் செய்யாது. "மங்க லைட்டுன்னா என்ன, வெள்ளை வெள்ளைதான். இது சேஃப் லைட்டு. எவ்வளவு வேணும்னாலும் போடலாம்" என்றார். உள்ளே இருந்த சின்ன பல்பைக் கழற்றிவிட்டு நூறு வாட் பல்பை மாட்டினார். மேவிஸுக்குக் குரோஷா பின்ன வெளிச்சம் பற்றாது என்று கட்டிலின் தலைமாட்டில், ஒரு முழ தூரத்தில், வெளிச்சம் திரும்பி அடிக்கத் தகரத் தட்டு ஒன்றைப் பின்னால் வைத்து விளக்கைக் கட்டினார்.

எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நானும்தான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள். வெளிச்சத்தைப் பற்றி இந்த ஒரு மனிதருக்குத் தெரியாததா என்று நினைத்தேன். அவரை நான் மெச்சிக்கொண்டது என் ஆயுளில் அந்த ஒரு முறைதான்.

பள்ளிக்கூடம் லீவு. செவ்வாயும் புதனும் மத்தியானம் நான்தான் சாப்பாட்டு டப்பா கொண்டுபோனேன். இரண்டு திரையையும் தாண்டி உள்ளே போனால் அடுப்புக்குள் தலையைவிட்டது போல வெக்கை. அக்கா ரவிக்கையைக் கழற்றிவிட்டு மல் துணி ஒன்றைத் தோளில் போட்டிருந்தாள். என்னைக் கண்டதும் இழுத்து மூடினாள். கட்டிகள் அரிக்கிறதாம், காற்றாட விட்டால் தேவலையாம். அத்தான் ஸ்டூலில் அமர்ந்து நாட்காட்டி அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த மனிதர் பேசினார். ராணுவக் கல்லூரிப் பையன் ஒருவன் மீசை முளைக்காமல் வந்து, படத்தில் மீசை வரைந்து தரச் சொன்ன கதையைச் சொன்னார். ஒரு கல்யாணப் பெண் எல்லாப் படத்திலும் கண்ணை மூடியிருந்ததால், திறந்த கண்ணை இவரே வரைந்த கதையைச் சொன்னார். ஒவ்வொரு கதைக்கும் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இத்தனை வருசமா இதெல்லாம் எங்க வச்சிருந்தீய?" என்று கேட்டாள். புதன் மத்தியானம் அவர் அவளுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தார், சிக்கெடுக்கத் தெரியாமல் இழுத்து இழுத்து.

அந்தச் சிவப்பில் அக்கா கல்யாணப் பெண் மாதிரி இருந்தாள். முகத்தில் ஒரு வடு, ஒரு புள்ளி இல்லை. இமை கொஞ்சம் தடித்திருந்தது. புழுக்கத்தில் தூக்கம் இல்லை என்று நினைத்தேன். சிவப்பு வெளிச்சத்தில் சிவந்த தோல் தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. சிவப்பு மையால் எழுதியது அந்த விளக்கின் கீழ் மறைந்துபோகும் என்று அத்தானே முன்பொரு நாள் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

வியாழன் விடிவதற்கு முன்னால் அக்காவைக் கறுப்புத் துணியால் மூடி டாக்ஸியில் கொண்டுபோனோம். கண்ணைத் திறக்க முடியவில்லை என்று முனகினாள். டாக்டர் பெண்ட்சே எல்லாம் தயாராக வைத்திருந்தார். ஒரு மூலையில் சின்ன விளக்கைப் போட்டுவிட்டுத் துணியை விலக்கினார். நான் அவர் பின்னால் நின்றேன்.

முகம் வீங்கி, இமை இரண்டும் ஒட்டியிருந்தன. கழுத்திலிருந்து நெஞ்சு முழுவதும், கட்டி இருந்த இடம் இல்லாத இடம் எல்லாம், வெந்து கொப்புளம் கட்டியிருந்தது. பின்னிக்கொண்டிருந்த விரல்கள்கூடத் தடித்திருந்தன.

"வெயிலில் காட்டினீர்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு பொட்டுகூட இல்ல சார்" என்றார் அத்தான்.

"அப்படியானால் வீட்டில் என்ன விளக்கு?"

அத்தான் தமிழை மறந்து இங்கிலீஷிலேயே சொன்னார். சேஃப் லைட், சார். ரெட். ஹன்ட்ரட் வாட்.

டாக்டர் அத்தானின் முழங்கையைப் பிடித்து அடுத்த அறைக்கு அழைத்துப்போனார். நானும் போனேன். அங்கே அக்காவுக்குக் காட்டத் தயாராக வைத்த பெரிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் தட்டு அளவுக்கு ஒரு வட்டம். நல்ல சிவப்பு.

"சிவப்புதான் தோலைத் தாண்டி உள்ளே போகும். இந்தச் சாயத்தைச் சிவப்பால்தான் எழுப்புகிறோம்" என்றார் டாக்டர். பிறகு அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "நான் சொல்லியிருக்க வேண்டும். டார்க் ரூம்காரர் என்று நீங்கள் சொன்னபோது இருட்டு என்று மட்டும்தான் நினைத்தேன். என் தப்பு" என்றார். நல்ல மனிதர்தான். அன்றைக்கு அவரைப் பிய்த்துத் தின்ன வேண்டும் போலிருந்தது எனக்கு.

வெந்த தோலின் மேல் விளக்கைக் காட்டினால் நெஞ்செலும்பு வரை அழுகிவிடும். காட்டினாலும் பயன் சந்தேகம். உள்ளே தங்கிய சாயம் இரண்டு நாள் மெல்லிய வெளிச்சத்திலேயே வீணாகியிருக்கும். மறுபடி போடச் சாயம் இல்லை. எழுதிப் போட்டிருக்கிறேன், வரும், எப்போது என்று தெரியாது என்றார். அவ்வளவுதான். ஐந்தே நிமிஷத்தில் முடிந்துபோயிற்று.

வராந்தாவில் அத்தான் சுவரோடு சாய்ந்து நின்றார். "பேப்பருக்குத்தான்ளா சிவப்பு ஆகும்" என்றார். "ஃபிலிமுக்குச் சிவப்பும் ஆகாது. ஃபிலிமைக் கும்மிருட்டுலதான் கழுவணும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அவளைப் பேப்பருன்னு நெனச்சுட்டேனே."

அவர் அதை எந்தக் குரலில் சொன்னார் என்பது இப்போது எனக்குக் கேட்கிறது. அப்போது எனக்கு அது கேட்கவில்லை. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். "இருபத்தாறு வருஷம் இருட்டுக்குள்ள உக்காந்து என்னத்தப் படிச்சீய? எங்கக்காவ நீங்கதான் கொல்லுதீய. அவுங்க சும்மா வார்டுலயே வச்சிருந்தா பொழச்சிருப்பா" என்றேன். ஆயாக்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஆமாம், ஆமாம் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஆட்டினார்.

அக்காவின் தோல் ஆற ஐந்து வாரம் ஆயிற்று. கட்டிகள் அதற்குள் முதுகுப் பக்கம் போய்விட்டன. எப்படி வெந்தது என்று அவளிடம் நாங்கள் சொல்லவில்லை. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். அவள் நம்பியதாகத்தான் நினைத்தேன். அத்தான் வேலைக்குத் திரும்பினார், ஆனால் ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவார். வந்து கட்டிலோரம் உட்காருவார். பேச்சு மட்டும் பழையபடி நின்றுபோயிருந்தது. அவள் கேட்டால் ஒரு வார்த்தை சொல்வார், முகத்தைப் பார்க்க மாட்டார்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள், அத்தான் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம், அக்கா என் கையைப் பிடித்தாள்.

"அந்த லைட்டுதான், இல்லியா?" என்றாள்.

நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"எனக்குத் தெரியும்ளா. முதல் நாள் சாயங்காலமே எரிய ஆரம்பிச்சுட்டு. மருந்து வேலை செய்யுதுன்னு நெனச்சேன். மறுநாள் தாங்க முடியாம எரிஞ்சுது. லைட்டு பக்கம் திரும்புனா கூட எரிஞ்சுது. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதான!"

"சொன்னா அணச்சிருவாக. அணச்சா இருட்டுல என்ன செய்வாக, படுத்துத் தூங்கிருவாக. அவுக அப்படிப் பேசி நான் பாத்ததே இல்லளா. இன்னும் ஒரு கதை கேப்போம், இன்னும் ஒரு கதை கேப்போம்னு இருந்துட்டேன். இப்படி மொத்தமாக் கெட்டுப்போவும்னு எனக்கு என்ன தெரியும்? தோலுதான எரியுது, ஆறிரும்னு நெனச்சேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. "நான் இருக்கும்போது அவுககிட்ட சொல்லாத. அவுக அழுதா என்னால பாக்க முடியாது. நான் போன பெறகு சொல்லு. எரிஞ்சுது, நான்தான் வேணும்னே வாயத் தொறக்கலன்னு சொல்லு. எனக்குக் கல்யாணம் ஆனது அந்த ரெண்டு நாளுதான்னு சொல்லு. மறந்துராத."

சரி என்றேன். அக்டோபர் பதினாறாம் தேதி அவள் போய்விட்டாள்.

சொல்லத்தான் போனேன். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் போனேன். அவர் அவளுடைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டால் இந்த மனிதர் இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கிவிடுவாரே என்று எனக்குள் ஒரு எரிச்சல் வந்தது. அக்கா மண்ணுக்குள் கிடக்க, இவர் தூங்குவதா என்று நினைத்தேன். டப்பாவை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். பிறகு கிறிஸ்துமஸுக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு ஈஸ்டருக்கு.

முதல் வருஷ நினைவு நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அவரே என்னிடம் வந்தார். ரொம்ப மெலிந்திருந்தார்.

"ஜோசபின், ஒண்ணு கேக்கணும். அந்த ரெண்டு நாளும் அவளுக்கு எரிஞ்சிருக்குமா? சிரிச்சுக்கிட்டேதான் இருந்தா. எரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாள்லா?"

"எரிஞ்சுது" என்றேன். "முதல் நாளே எரிஞ்சுதாம். தாங்க முடியாம எரிஞ்சுதாம். என்கிட்ட சொன்னா."

அவர், இன்னும் ஏதாவது சொன்னாளா என்று கேட்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்தார். நான் பாய்களைச் சுருட்ட ஆரம்பித்தேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு ஒரு வருஷமும் பத்து மாதமும் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனையில் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருவார். அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டே நான் பாட்டுப் பாடினேன். 1987 ஆகஸ்டில், மழை நாளில், ஸ்டூடியோப் படியேறும்போது மாரடைப்பு. ஆள் அனுப்பி நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். குனிந்து அவர் காதருகே எல்லாவற்றையும் சொன்னேன், கல்யாணம் ஆனது அந்த ரெண்டு நாளுதான் என்று அவள் சொன்னதையும் சேர்த்து. முதலாளி வந்து என் தோளைத் தொட்டு, "அம்மா, அவர் போய் அரை மணி நேரம் ஆகிவிட்டது" என்றார்.